போன் பேட்டரி: இன்றைய சார்ஜும் நாளைய ஆயுளும்

சார்ஜ் நிற்கவே மாட்டேங்குது என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: வாங்கியதிலிருந்தே இப்படியா, போகப் போக இப்படி ஆனதா? புதுப் போனிலேயே சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீர்கிறது என்றால் பெரும்பாலும் பேட்டரி மேல் தப்பில்லை. போனுக்குள் ஏதோ ஒன்று அளவுக்கு மேல் தின்றுகொண்டிருக்கிறது. அதைச் செட்டிங்ஸிலேயே சரிசெய்யலாம், பைசா செலவில்லை. இரண்டு வருஷம் நன்றாக ஓடிய போன் இப்போது மதியத்துக்கே படுத்துவிடுகிறது என்றால், பேட்டரி தேய்ந்திருக்கிறது. தேய்ந்ததை எந்தச் செட்டிங்ஸும் பழையபடி ஆக்காது. ஆனால் அந்தத் தேய்மானத்தைப் பல மாதங்களுக்கு, ஏன், ஒன்றிரண்டு வருஷங்களுக்குக்கூடத் தள்ளிப்போட முடியும்.

இந்த இரண்டையும் நிறைய பேர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். புளூடூத்தை அணைப்பது, ஆப்களைத் தள்ளி மூடுவது என்று நாள் முழுக்கச் சிக்கனம் பிடிப்பவர், அதே போனை உச்சி வெயிலில் வண்டி ஹேண்டிலில் மாட்டி, சார்ஜும் போட்டுக்கொண்டு போகிறார். நம் ஊரில் பேட்டரியைச் சீக்கிரம் கொல்வது சூடு. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் அதை மட்டும் மறக்காதீர்கள். சரி, வரிசையாகப் போவோம்.

முதல் வேலை: பேட்டரியின் நிலையைப் பாருங்கள்

ஐபோனில் செட்டிங்ஸ் திறந்து பேட்டரி, அதற்குள் பேட்டரி ஹெல்த். அங்கே மேக்ஸிமம் கெப்பாசிட்டி என்று ஒரு சதவீதம் இருக்கும். புதிதில் 100. இப்போது 85 என்று காட்டினால், முழுக்கச் சார்ஜ் ஏற்றினாலும் புதிதாக இருந்தபோது கொண்டதில் 85 சதவீதம்தான் கொள்ளும் என்று அர்த்தம். சாம்சங் போனில் சாம்சங் மெம்பர்ஸ் என்ற ஆப்பில் போன் டயக்னாஸ்டிக்ஸ் பகுதிக்குப் போனால் பேட்டரியைச் சோதித்துச் சொல்லும். கூகுள் பிக்சலில் 8ஏ மாடலும் அதற்குப் பின் வந்தவையும் செட்டிங்ஸின் பேட்டரிப் பகுதியிலேயே காட்டுகின்றன. மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் கட்டத்தில் பேட்டரி ஹெல்த் என்று தேடிப் பாருங்கள்.

எண் எங்கேயும் கிடைக்கவில்லை என்றாலும் பேட்டரி தானே அடையாளம் காட்டும். 25, 30 சதவீதம் இருக்கும்போதே திடீரென்று போன் அணைந்துபோவது, கேமராவைத் திறந்ததும் அணைவது, சார்ஜரிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்தில் 100 சரசரவென்று 90-க்கு இறங்குவது, இதெல்லாம் தேய்ந்த பேட்டரியின் வேலை. பின்பக்க மூடியோ திரையோ லேசாக மேலே எழும்பியிருந்தால் இதற்கு மேல் படிக்காமல் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள். அது வீங்கிய பேட்டரி, ஆபத்தானது.

தேய்மானத்தைச் சைக்கிள் கணக்கில் அளப்பார்கள். 100 சதவீதம் செலவானால் ஒரு சைக்கிள். இன்று 60, நாளை 40 செலவழித்தாலும் இரண்டும் சேர்ந்து ஒன்றுதான். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்றும், 15 முதல் அது 1000 சைக்கிள் என்றும் ஆப்பிள் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்கள் 800 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு சைக்கிள் என்று வைத்தால் 500 என்பது ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே ஒரு நாளில் செலவாகும் சார்ஜைக் குறைப்பது இன்றைய வசதிக்கு மட்டுமல்ல, சைக்கிளும் குறைகிறது. இரண்டு பிரச்சினைகளும் தொட்டுக்கொள்ளும் இடம் அது.

அடுத்தது: யார் தின்கிறார்கள் என்று பாருங்கள்

ஊகத்தில் எதையும் அணைக்காதீர்கள். செட்டிங்ஸில் பேட்டரி, அதில் பேட்டரி யூசேஜ் என்ற பகுதியைத் திறந்தால் எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்று பட்டியல் வரும். ராத்திரி தூங்கப் போகும் முன் பார்ப்பது நல்லது, அந்த நாளின் முழுக் கணக்கும் இருக்கும். ஓர் ஆப்பின் பெயரைத் தொட்டால் திரையில் எவ்வளவு நேரம் இருந்தது, பின்னணியில் எவ்வளவு நேரம் ஓடியது என்றும் பிரித்துக் காட்டும்.

இரண்டு மணி நேரம் யூடியூப் பார்த்திருந்தால் அது முதலிடத்தில் இருப்பது நியாயம்தான். பார்க்க வேண்டியது, நீங்கள் திறக்கவே இல்லாத ஆப் ஏதாவது மேலே வந்திருக்கிறதா என்பதை. ஷாப்பிங் ஆப், செய்தி ஆப், எப்போதோ போட்ட விளையாட்டு போன்றவை அப்படி வந்து நிற்கும். வேண்டாததை அழித்துவிடுங்கள். வேண்டும் ஆனால் பின்னணியில் ஓடத் தேவையில்லை என்றால், அந்த ஆப்பின் பேட்டரி அமைப்பில் ரெஸ்ட்ரிக்டட் என்று வையுங்கள். சாம்சங்கில் பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ் என்ற இடத்தில் ஸ்லீப்பிங், டீப் ஸ்லீப்பிங் என்று இரண்டு பட்டியல்கள் இருக்கும், அதில் சேர்க்கலாம். ஐபோனில் செட்டிங்ஸின் ஜெனரல் பகுதியில் பேக்ரவுண்ட் ஆப் ரெஃப்ரெஷ்.

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப், அலாரம், சர்க்கரை அளவைக் கண்காணிக்கும் கருவியின் ஆப், டெலிவரி வேலை பார்ப்பவர்களின் ஆர்டர் ஆப் ஆகியவற்றை இப்படிக் கட்டுப்படுத்தாதீர்கள். செய்தி தாமதமாக வரும், அல்லது வரவே வராது. சில சதவீதச் சார்ஜுக்காக ஒரு அவசரத் தகவலைத் தவறவிடுவது சரியான பேரம் இல்லை.

அதே கையோடு லொக்கேஷனையும் ஒரு தடவை சுத்தம் செய்துவிடுங்கள். செட்டிங்ஸில் லொக்கேஷன், ஆப் பெர்மிஷன்ஸ். எப்போதும் அனுமதி என்று எந்தெந்த ஆப்களுக்கு இருக்கிறதோ அவற்றில் பெரும்பாலானவற்றை, பயன்படுத்தும்போது மட்டும் என்று மாற்றலாம்.

திரை

போனில் அதிகம் செலவழிக்கும் உறுப்புகளில் திரைக்கு முன்வரிசை. வெளிச்சத்தை ஆட்டோவில் வையுங்கள். வீட்டுக்குள் இருக்கும்போதும் முழு வெளிச்சத்தில் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு மாற்றத்திலேயே வித்தியாசத்தை உணர்வார்கள். திரை தானாக அணையும் நேரத்தை 30 விநாடிக்குக் குறையுங்கள். 90 அல்லது 120 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு அத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கும் திரை உள்ள போனில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் 60-க்கு மாற்றினால் மிச்சமாகும். திரை நகர்வு கொஞ்சம் வழுக்கல் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். பூட்டிய திரையிலும் மணி காட்டிக்கொண்டே இருக்கும் ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளே தேவையில்லை என்றால் அணைத்துவிடலாம்.

டார்க் மோடைப் பற்றிப் பெரிதாகச் சொல்வார்கள். இதில் உண்மை பாதிதான். எல்.சி.டி. திரையில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிகிறது, படம் கறுப்பாக இருந்தாலும் எரிகிறது. அதனால் அங்கே டார்க் மோடால் குறிப்பிடத்தக்க லாபம் இல்லை. ஓ.எல்.இ.டி., அமோலெட் திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கிறது. அங்கே லாபம் உண்டு. ஆனால் எவ்வளவு? அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 2021-ல் அளந்து பார்த்தார்கள். வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருக்கும்போது, அதாவது சாதாரணமாக வீட்டுக்குள் பார்க்கும் அளவில், சராசரியாக 3 முதல் 9 சதவீதம்தான் மிச்சம். முழு வெளிச்சத்தில் வைத்தபோது 39 முதல் 47 சதவீதம். வெயிலில் நின்று போனைப் பார்க்கிற வேலை என்றால் டார்க் மோடு பெரிய உதவி. வீட்டில் கண்ணுக்கு இதமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், சார்ஜுக்காக என்று சிரமப்பட்டு வைக்க வேண்டாம்.

டவர் சரியில்லாத இடம்

இதை நிறைய பேர் யோசிப்பதே இல்லை. டவர் தூரத்தில் இருந்தால் போன் அதிக சக்தியோடு பேச வேண்டியிருக்கிறது. டவரே இல்லை என்றால் விடாமல் தேடிக்கொண்டே இருக்கும். மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போதும், ரயிலில் ஊருக்குப் போகும்போதும், அடித்தளத்தில் உள்ள அலுவலகத்திலும் போனைத் தொடாமலேயே சார்ஜ் இறங்குவது இதனால்தான். இரண்டு சிம் போட்டிருந்தால் இரண்டுமே தேடும். பயன்படாத சிம்மைச் செட்டிங்ஸில் அணைத்து வைக்கலாம். நீண்ட தூரம் டவர் கிடைக்காத பயணத்தில் பிளைட் மோடு போட்டுவிட்டு, ஊர் நெருங்கியதும் எடுத்துக்கொள்ளலாம்.

5ஜி சரியாகக் கிடைக்காமல், போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவும் பகுதியில் இருந்தால், மொபைல் நெட்வொர்க் பகுதியில் பிரிஃபர்டு நெட்வொர்க் டைப் என்பதை 4ஜி அல்லது எல்.டி.இ. என்று வைத்துவிடுங்கள். அதற்கும் கீழே 3ஜி, 2ஜிக்குப் போக வேண்டாம். ஜியோவுக்கு அந்த இரண்டுமே கிடையாது, அழைப்பே வராமல் போய்விடும். வீட்டில் வைஃபை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், மொபைல் டேட்டாவைவிடக் குறைவாகவே செலவழிக்கும். வீட்டுக்குள் டவர் மோசம் என்றால் வைஃபை காலிங்கையும் போட்டுவிடுங்கள், குரலும் தெளிவாக இருக்கும். ஹாட்ஸ்பாட் மட்டும் பெருந்தீனிக்காரன். பக்கத்து போனுக்கு நெட் கொடுத்துவிட்டு அணைக்க மறந்தால் சார்ஜும் போகும், போனும் கொதிக்கும்.

செய்ய வேண்டாதது

ஆப்களை அடிக்கடி மேலே தள்ளி மூடுவது சார்ஜை மிச்சம் பிடிக்காது. தூங்கிக்கொண்டிருக்கும் ஆப்பை மூடிவிட்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் திறந்தால், அது முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும், அதற்குத்தான் அதிகச் செலவு. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் கிடக்கும் போனை ஆழ்ந்து தூங்கவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9-இலிருந்து நீங்கள் அரிதாகத் திறக்கும் ஆப்களைப் போனே கண்டுகொண்டு அடக்கி வைக்கிறது. அந்த அடாப்டிவ் பேட்டரி அமைப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டு நிற்கும் ஆப்பை மூடுவது வேறு விஷயம், அது சரி.

பேட்டரி சேவர், கிளீனர், பூஸ்டர் என்று பிளே ஸ்டோரில் கிடைப்பவற்றை இன்றே அழித்துவிடுங்கள். அவை தாமே பின்னணியில் ஓடுகின்றன, விளம்பரம் காட்டுகின்றன. போனிலேயே இருக்கும் பேட்டரி சேவர் அமைப்பு போதும். ஐபோனில் அதன் பெயர் லோ பவர் மோடு.

சூடு

இனி ஆயுள் விஷயம். போனில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991-ல் சோனி இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழியமைத்த ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. உள்ளே லித்தியம் அயனிகள் ஒரு மின்முனையிலிருந்து மற்றொன்றுக்குப் போய் வருகின்றன, போகும்போது சார்ஜ் ஏறும், வரும்போது இறங்கும். இந்தப் போக்குவரத்தோடு கூடவே வேண்டாத வேதிவினைகளும் மெல்ல நடக்கின்றன. கிராஃபைட் முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் வளர்ந்துகொண்டே போகிறது. அது லித்தியத்தைத் தனக்குள் பிடித்துவைத்துக்கொள்கிறது. அப்படிச் சிக்கிய லித்தியம் திரும்ப வேலைக்கு வராது. தேய்மானம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். சூடு கூடக்கூட இந்த வேதிவினைகள் வேகமெடுக்கும். பேட்டரி நிறைந்திருக்கும்போது மின்னழுத்தம் உச்சத்தில் இருப்பதால் அப்போதும் வேகமெடுக்கும். இரண்டும் சேர்ந்தால் பேட்டரிக்கு மிக மோசம்.

எவ்வளவு மோசம் என்பதற்குப் பேட்டரி யுனிவர்சிட்டி என்ற தளம் தரும் ஒரு கணக்கு பரவலாக எடுத்துக்காட்டப்படுவது. லித்தியம் அயனி பேட்டரியை 40 சதவீதச் சார்ஜில் 25 டிகிரி செல்சியஸில் ஒரு வருஷம் சும்மா வைத்தால் கொள்ளளவு 96 சதவீதம் மிஞ்சுகிறது. அதையே முழுச் சார்ஜில் வைத்தால் 80. வெப்பம் 40 டிகிரி, முழுச் சார்ஜ் என்றால் 65 சதவீதம்தான். ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமல், வெறுமனே வைத்திருந்ததற்கே இந்த இழப்பு.

ஐபோனைப் பயன்படுத்தச் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும் என்றும், 35-க்கு மேல் போனால் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்றும் ஆப்பிள் சொல்கிறது. வேலூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் கத்திரி வெயிலில் நிழலிலேயே 40 தொடுகிறது. ஆகவே குளிர்நாட்டில் இருப்பவருக்குச் சொல்லும் அறிவுரையைவிட நமக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும்.

என்ன செய்யலாம்? மூடிய காரில் போனை விட்டுப் போகாதீர்கள், டாஷ்போர்டின் மேல் வைக்கவே வைக்காதீர்கள். அடுப்புக்குப் பக்கத்துத் திண்டில் போனைச் சாய்த்து வைத்துச் சமையல் வீடியோ பார்க்கும் பழக்கம் இருந்தால் இரண்டடி தள்ளி வையுங்கள். சார்ஜ் போட்ட போனைத் தலையணைக்கு அடியிலோ மெத்தையிலோ போடாதீர்கள், சூடு வெளியேற வழியில்லை. தடிமனான ரப்பர் கவர் போட்டிருந்தால் சார்ஜ் ஏறும்போது கழற்றிவிடலாம். சார்ஜில் போட்டுக்கொண்டே விளையாடுவதும், வீடியோ காலில் ஒரு மணி நேரம் பேசுவதும் இரண்டு பக்கமும் சூடேற்றும். போன் கையில் பிடிக்க முடியாத அளவுக்குக் கொதித்தால் சார்ஜரைப் பிடுங்கி, கவரைக் கழற்றி, மின்விசிறிக்குக் கீழே மேசையில் வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. உள்ளே ஈரம் பூத்து வேறு கோளாறு வரும்.

டெலிவரி, டாக்ஸி ஓட்டுபவர்களின் போன்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. நேரடி வெயில், முழு வெளிச்சத் திரை, ஓயாத ஜி.பி.எஸ்., கூடவே சார்ஜ் என்று எல்லாச் சுமையும் ஒரே நேரத்தில் அந்தப் பேட்டரி மேல் விழுகின்றன. அந்தப் போன்தான் அவர்களுடைய பிழைப்பும். வழி இல்லாமல் இல்லை. தெரிந்த பாதையில் மேப்பைக் குரல் வழிகாட்டலில் போட்டு, திரையை அணைத்து, போனைச் சட்டைப்பையிலோ நிழலான பையிலோ வைக்கலாம். ஒற்றைக் காதில் இயர்போன் போட்டால் திருப்பங்கள் கேட்கும், சாலைச் சத்தமும் கேட்கும். ஹோல்டரில் வைத்தே ஆக வேண்டும் என்றால் மேலே நிழல் தரும் தொப்பி உள்ள ஹோல்டர் கடைகளில் கிடைக்கிறது. வண்டி ஓடும்போது சார்ஜ் போடாமல், கடை வாசலில் ஆர்டருக்குக் காத்திருக்கும்போது நிழலில் நின்று போடுவது நல்லது. நகரின் மேப்பை வீட்டு வைஃபையில் ஆஃப்லைனாக இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டாவுக்கான உழைப்பும் குறையும்.

கனடா, நார்வே போன்ற ஊர்களில் இருக்கும் நம்மவர்களுக்கு இதற்கு நேர்மாறான ஒரு குறிப்பு. கடுங்குளிரில் போன் திடீரென அணைவது தற்காலிகம், சூடான அறைக்கு வந்தால் சரியாகிவிடும். ஆனால் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த போனை உடனே சார்ஜில் போடாதீர்கள். அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு போடுங்கள். உறைந்த நிலையில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே படிந்து நிரந்தரச் சேதம் ஆகும்.

எப்போது, எவ்வளவு ஏற்றுவது

நிறைந்த பேட்டரி தன் உச்ச மின்னழுத்தத்தில் நிற்கிறது. அதனால் 80 சதவீதத்தோடு நிறுத்துவதும், 20-க்குக் கீழே அடிக்கடி விடாமல் இருப்பதும் ஆயுளைக் கூட்டும். இதற்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம், போனையே பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். ஐபோன் 15-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் செட்டிங்ஸின் பேட்டரிப் பகுதியில் சார்ஜ் லிமிட் இருக்கிறது, 80, 85, 90, 95, 100 என்று தேர்ந்தெடுக்கலாம். பழைய ஐபோன்களில் ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங், இது நீங்கள் எழும் நேரத்தைப் பழகிக்கொண்டு 80-இல் காத்திருந்து கடைசியில் நிரப்பும். சாம்சங்கில் பேட்டரி புரொடெக்‌ஷன், அதில் மேக்ஸிமம் என்பதை வைத்தால் 80-இல் நிறுத்தும். பிக்சலிலும் 80-இல் நிறுத்தும் வசதி வந்துவிட்டது. மற்ற கம்பெனிகளின் போன்களில் ஸ்மார்ட் சார்ஜிங், ஆப்டிமைஸ்டு சார்ஜிங் என்ற பெயர்களில் தேடுங்கள்.

நாள் முழுக்க வெளியே அலைகிற நாளில் 100 ஏற்றிக்கொள்ளுங்கள். போன் நமக்காகத்தான். கிளம்புவதற்குச் சற்று முன்னால் 100 ஆவதில் பெரிய கெடுதல் இல்லை, ராத்திரி முழுக்க 100-இல் சூடாக நிற்பதுதான் கெடுதல். ராத்திரி சார்ஜ் போட்டால் வெடித்துவிடும் என்ற பயம் வேண்டாம், நல்ல போனும் நல்ல சார்ஜரும் நிறைந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும். லிமிட் வைத்துவிட்டால் ஆயுள் பற்றிய கவலையும் தீர்ந்தது.

முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும், புதுப் போனை முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜில் வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அது நிக்கல் கேட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். லித்தியம் அயனிக்கு அது பொருந்தாது, பூஜ்யம் வரை இறக்குவது இதற்குக் கேடு. நேரம் கிடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதே நல்லது.

பாஸ்ட் சார்ஜிங் பேட்டரியைக் கெடுக்குமா? அந்த வசதியோடு செய்யப்பட்ட போனில் பயப்பட வேண்டியதில்லை. குடம் வாய்வரை வரும்போது குழாயைச் சிறுசாக்குவது போல, பேட்டரி நிறைய நிறையப் போன் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. அதனால்தான் முதல் பாதி சட்டென்று ஏறி, கடைசி 20 சதவீதம் இழுக்கிறது. கவனிக்க வேண்டியது சூட்டைத்தான். மே மாத மதியத்தில் ஏசி இல்லாத அறையில் 80 வாட் சார்ஜர் போடுவதும், மார்கழி இரவில் போடுவதும் ஒன்றல்ல. அவசரம் இல்லாத ராத்திரிகளில் பழைய 10 வாட் சார்ஜரைப் பயன்படுத்தலாம், பல போன்களில் பாஸ்ட் சார்ஜிங்கை அணைக்கும் பொத்தானும் உண்டு. வயர்லெஸ் சார்ஜிங் வசதியானது, ஆனால் வயரைவிடச் சூடு அதிகம். தினசரிக்கு வயரே போதும்.

சார்ஜர் வாங்கும்போது

மலிவான டூப்ளிகேட் சார்ஜரில் மிச்சமாகும் பணம் பேட்டரியில் போய்விடும், சில நேரம் வீட்டுக்கே ஆபத்து. இந்தியாவில் அடாப்டர், பவர் பேங்க் இரண்டுக்குமே பி.ஐ.எஸ். எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். அவற்றின் மேல் பி.ஐ.எஸ். குறியும், ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வரும். கடையிலேயே நின்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். எண் இல்லை, அல்லது எண்ணைப் போட்டால் வேறு ஏதோ பொருள் வருகிறது என்றால் வாங்காதீர்கள்.

புயல், கரண்ட் இல்லாத நாட்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாட்களில் பேட்டரியின் ஆயுளைப் பற்றி யோசிக்க வேண்டாம். எச்சரிக்கை வந்ததுமே லிமிட்டை எடுத்துவிட்டு 100 ஏற்றுங்கள், பவர் பேங்கையும் நிரப்புங்கள். கரண்ட் போனதும் பேட்டரி சேவரைப் போடுங்கள். சாம்சங், பிக்சல் போன்றவற்றில் வேண்டிய சில ஆப்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் நிறுத்தும் இன்னும் கடுமையான அமைப்பும் உண்டு. டவர்கள் விழுந்திருக்கும் என்பதால் போன் தேடித் தேடியே சார்ஜைத் தீர்த்துவிடும். பிளைட் மோடில் வைத்து, மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் எடுத்துவிட்டுச் செய்தி பார்த்து, மறுபடியும் போட்டுவிடுங்கள். எந்த நேரத்தில் எடுப்பீர்கள் என்று வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவர்களும் பதற மாட்டார்கள். வீட்டில் நான்கு போன் இருந்தால் எல்லாவற்றையும் ஆன் செய்து வைக்க வேண்டாம், ஒன்று போதும்.

எடுத்து வைக்கும் போன்

பழைய போனை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அலமாரியில் வைப்பதானால், பாதிச் சார்ஜில் அணைத்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து மறுபடியும் பாதிக்கு ஏற்றுங்கள். பூஜ்யத்தில் பல மாதம் கிடந்தால் பேட்டரி திரும்ப எழாமலே போகலாம்.

பேட்டரி மாற்றுவது

80 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது, நாளும் ஓட்ட முடியவில்லை என்றால் போனை மாற்றும் முன் பேட்டரியை மாற்றுவதை யோசியுங்கள். மற்றதெல்லாம் நன்றாக இருக்கும் போன் ஒரு பேட்டரியில் இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஓடும். சில நேரம் வேகமும் கூடும். தேய்ந்த பேட்டரியால் திடீர்த் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாதபோது போன் அணைந்துபோகாமல் இருக்க, பழைய ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. புதுப் பேட்டரி போட்டதும் அவை பழைய வேகத்துக்குத் திரும்பின.

முடிந்தவரை கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலேயே மாற்றுங்கள். வெளிக்கடை என்றால் மூன்று விஷயம் கேளுங்கள்: பேட்டரி எந்த கம்பெனியுடையது, எத்தனை மாத வாரண்டி, அதைப் பில்லில் எழுதித் தருவீர்களா. கொடுப்பதற்கு முன் படங்களையும் தொடர்பு எண்களையும் பேக்கப் எடுத்துவிடுங்கள். தண்ணீர் புகாத போன் என்றால், திறந்து மூடிய பிறகு அந்தப் பாதுகாப்பு பழையபடி இருக்கும் என்று நம்ப வேண்டாம். மாற்றி வந்த அன்றே சார்ஜ் லிமிட்டை வைத்துவிடுங்கள், புதுப் பேட்டரிக்கு முதல் நாளிலிருந்தே பலன் கிடைக்கும்.

வீங்கிய பேட்டரி வேறு கதை. அதற்குள் வாயு சேர்ந்திருக்கிறது. போனை உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள். எழும்பிய மூடியை அமுக்கி மூடப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தினால் தீப்பிடிக்கும். படங்களை எடுத்துக்கொள்ள வேண்டுமே என்று ஒரு தடவை ஆன் செய்வதும் வேண்டாம், சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மாற்றித் தரும்போது படங்கள் அப்படியே இருக்கும். கொண்டுபோகும் வரை துணி, காகிதம், மெத்தை எதுவும் பக்கத்தில் இல்லாமல் சிமென்ட் தரையிலோ டைல்ஸ் மேலோ, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். புகை வந்தால் கையில் எடுக்காமல் எல்லாரும் வெளியே வந்து 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

கழற்றிய பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும், துப்புரவுப் பணியாளர்தான் முதலில் காயப்படுவார். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது உற்பத்தியாளரின் பொறுப்பு. முனைகளின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, புதுப் பேட்டரி போட்ட கவுன்டரிலேயே பழையதைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.